ப்ளூஸ் மவுத் ஆர்கன்: உங்கள் ஆள் யார், எந்தப் பதிவில், எந்த இடத்தில்?

பத்துத்துளை:

பிடித்த கலைஞர் யார் என்று கேட்டால் எல்லோரும் லிட்டில் வால்டர் என்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், பேச்சு அங்கேயே படுத்துவிடும். அதனால் இங்கே ஒரு நிபந்தனை. பெயரோடு ஒரு பதிவையும் சொல்லுங்கள். அதில் அந்த ஆள் வாயாலும் மூச்சாலும் கையாலும் என்ன செய்கிறார் என்று உங்கள் காதில் விழுந்தபடி எழுதுங்கள். "உயிரை உருக்கும் வாசிப்பு" என்று எழுதுகிறவர்களுக்கு என்னிடமிருந்து பதில் கிடையாது.

நானே ஆரம்பிக்கிறேன். என் ஆளும் லிட்டில் வால்டர்தான், என்ன செய்வது. 'ஜூக்', 1952 மே 12, சிகாகோ. ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் குழுவோடு எடுத்தது. ஏ சுருதி ஹார்ப்பை (மவுத் ஆர்கனைத்தான் ஹார்ப் என்கிறோம்) வைத்துக்கொண்டு ஈ-யில் வாசிக்கிறார், அதாவது கிராஸ் ஹார்ப்: ஹார்ப்பின் சொந்தச் சுருதியை விட்டுவிட்டு அதன் ஐந்தாம் சுரத்தை ஆதாரமாக வைத்து வாசிப்பது. தொடக்கத்தில் கீழிருந்து மேலே ஏறும் ஒரு சின்ன வாக்கியம். அதையே விடாமல் திரும்பத் திரும்பச் சொல்லி நம்மை உள்ளே இழுத்துவிட்டு, அப்புறம்தான் ஆட்டத்தை ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு புது யோசனை. ஒன்றில் நீளமாகப் பிடித்து நிறுத்துவார், இன்னொன்றில் தாளத்துக்கு முன்னும் பின்னுமாக நழுவுவார். லூயி ஜோர்டனின் சாக்ஸபோனைக் கேட்டு வளர்ந்தவர் என்பது அங்கேதான் தெரியும். மவுத் ஆர்கன்காரர் போல யோசிக்கவே மாட்டார், சாக்ஸ்காரர் போலத்தான் யோசிப்பார்.

பில்போர்டின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 8 வாரம் முதலிடம். பாட்டே இல்லாமல் ஹார்ப் மட்டும் முன்னால் நிற்கிற ஒரு பதிவு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அந்த ஒரு தடவைதான். அப்போது அவருக்கு வயது 22. சரி, உங்கள் முறை.

பிஸ்கட்நேரம்:

உங்கள் ஆள் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு மைக்கும் ஆம்ப்பும் (ஒலிபெருக்கிப் பெட்டி) வேண்டும். என் ஆள் சன்னி பாய் வில்லியம்சனுக்கு இரண்டு உள்ளங்கை போதும்.

'ஹெல்ப் மீ', 1963. பின்னால் கட்டை வைத்த கீபோர்டு ஆர்கன், 'கிரீன் ஆனியன்ஸ்' மெட்டை ஒட்டிய அதே நடை. ஒரு வரி பாடுவார், ஹார்ப்பில் இரண்டே இரண்டு சுரம் வைப்பார், நிறுத்துவார். அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதை யாராலும் எடுக்க முடியவில்லை. நானும் கூடவே வாசித்துப் பார்க்கிறேன், அவர் சும்மா இருக்கும் இடத்தில் என் வாய் தானாக ஏதாவது ஊதிவிடுகிறது. திண்ணையில் உட்கார்ந்து ஊர் வம்பு பேசும் பெரியவர் மாதிரி வாசிப்பு அது. பாதியைச் சொல்லுவார், மீதியை நம்மிடம் விட்டுவிடுவார்.

கையைக் கவனியுங்கள். ஹார்ப்பை இரண்டு கையாலும் பொத்தி மூடும்போது ஒலி உள்ளடங்கிப் பம்மும், விரலைத் திறக்கும்போது பளிச்சென்று வெளியே வரும். இந்த மூடித் திறப்பதை அவர் பேச்சின் வேகத்திலேயே செய்கிறார். கை இல்லாமலும் செய்வார் என்பது வேறு விஷயம். 1963 ஐரோப்பியப் பயணத்தில் 'பை பை பேர்ட்' வாசித்த படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஹார்ப்பை முழுசாக வாய்க்குள் தள்ளிவிட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்.

குருவிக்கூடு:

சார், ஒரு சந்தேகம். சன்னி பாய் 1948-லேயே சிகாகோவில் கொலை செய்யப்பட்டார் என்று படித்தேன். 63-ல் எப்படி ஐரோப்பா போனார்?

பிஸ்கட்நேரம்:

ஆள் இரண்டு, பெயர் ஒன்று. நீங்கள் படித்தவர் ஜான் லீ கர்ட்டிஸ் வில்லியம்சன், டென்னசியின் ஜாக்சனில் 1914-ல் பிறந்தவர். 1937-ல் 'குட் மார்னிங் ஸ்கூல் கேர்ல்' பதிவு செய்து பெரிய பெயர் வாங்கினார். ஹார்ப்பைப் பின்வாத்தியமாக இல்லாமல் பாடகருக்குச் சமமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1948 ஜூன் 1 அன்று சிகாகோவில் கொலையானார்.

நான் சொல்வது மிசிசிப்பிக்காரர், ரைஸ் மில்லர். 1941-ல் ஆர்கன்சாவின் ஹெலனா ஊரில் கே.எஃப்.எஃப்.ஏ. வானொலியில் 'கிங் பிஸ்கட் டைம்' தொடங்கியபோது இவர் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். முதலாமவர் உயிரோடு, புகழோடு இருக்கும்போதே! கேட்டால் நான்தான் அசல் என்பார். மத்தியான நேரத்து மாவு விளம்பர நிகழ்ச்சி அது. சன்னி பாய் பெயரில் சோள மாவு மூட்டையே விற்றார்கள், அதில் இவர் படம். பெயரைத் திருடியவர் என்று திட்டலாம், ஆனால் வாசிப்பில் திருடவில்லை. இரண்டு பேரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், ஒட்டவே ஒட்டாது.

ஈரக்காற்று:

லிட்டில் வால்டரா சன்னி பாயா என்று நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருங்கள். டோன், அதாவது ஒலியின் தன்மை என்று வந்தால் பிக் வால்டர் ஹார்ட்டன், அப்புறம்தான் மற்றவர்கள்.

'ஈஸி', மெம்பிஸ் சன் ரெக்கார்ட்ஸ், 1953. கிடாரில் ஜிம்மி டிபெர்ரி. ஐவரி ஜோ ஹன்டரின் 'ஐ ஆல்மோஸ்ட் லாஸ்ட் மை மைண்ட்' மெட்டைத்தான் எடுத்துக்கொள்கிறார். ஆரம்பத்தில் பூனை நடை, போகப்போக ஒலி பருத்துக்கொண்டே வந்து கடைசியில் ஸ்பீக்கர் கிழிந்துவிடுமோ என்று இருக்கும். ஆம்ப்பின் குமிழைத் திருகி வந்த பருமன் இல்லை அது, தொண்டையில் வந்தது.

அவர் டங் பிளாக்கிங் ஆள். தெரியாதவர்களுக்காக: உதட்டால் நாலு துளையை மூடிக்கொள்ள வேண்டும், இடப்பக்க மூன்றை நாக்கால் அடைத்துவிட்டு வலது ஓரத்துத் துளையில் மட்டும் காற்றை விட வேண்டும். நாக்கை எடுத்தால் கார்டு (பல சுரம் சேர்ந்த ஒலி) முழுசாக வரும், வைத்தால் ஒற்றைச் சுரம். எடுப்பதும் வைப்பதுமாக, மெட்டும் தாளமும் ஒரே வாயில் நடக்கும். உதட்டைக் குவித்து வாசிப்பவர்களுக்கு வேகம் சுலபமாக வரும், இந்தப் பருமன் சுலபத்தில் வராது.

இன்னொன்று, ஜிம்மி ராஜர்ஸின் 'வாக்கிங் பை மைசெல்ஃப்', 1956. அதில் ஹார்ப் தனி வரும் இடத்தைக் கேளுங்கள். ஒரு பாட்டின் நடுவில் கிடைத்த ஒரே ஒரு சுற்றில் ஒருத்தர் எவ்வளவு சொல்ல முடியும் என்பதற்கு அதை மிஞ்சி நான் கேட்டதில்லை.

புதுசு_77:

அண்ணா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். கடையில் மவுத் ஆர்கன் கேட்டேன், இரட்டை வரிசைத் துளையோடு 24 துளை உள்ளதைக் கொடுத்து "எல்லாப் பாட்டும் இதில் வரும்" என்றார்கள். பெண்டிங் (சுரத்தை வளைத்து இறக்குவது) வரவே மாட்டேன் என்கிறது. நண்பனிடம் பத்துத் துளை சி ஹார்ப் இருக்கிறது, அதில் 2ஆம் துளையை இழுத்தால் மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். ரீட் (உள்ளே அதிரும் உலோக நாக்கு) போய்விட்டதா?

ஈரக்காற்று:

தம்பி, அந்த 24 துளை ட்ரெமலோ வகை. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீட், கொஞ்சம் சுருதி தள்ளி வைத்திருப்பார்கள், அதனால்தான் அந்த நடுங்கும் ஒலி. சினிமாப் பாட்டுக்கு நன்றாகவே இருக்கும். ப்ளூஸ் பெண்டிங் அதில் வராது, ஊதும் ரீட்டும் இழுக்கும் ரீட்டும் தனித்தனி அறையில் இருப்பதால். அதை வீட்டில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

பத்துத் துளை டயட்டானிக்தான் வேண்டும். அதில் ஒரே துளைக்குள் இரண்டு ரீட்டும் இருக்கும். நாக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கி வாயின் உள்ளளவை மாற்றினால், உயரச் சுரத்தின் ரீட் அடங்கி மற்ற ரீட் பேச ஆரம்பிக்கும். பெண்டிங் என்பது அவ்வளவுதான். சி ஹார்ப்பில் 2ஆம் துளை ஊதினால் ஈ, இழுத்தால் ஜி. இடையில் எஃப் ஷார்ப்பும் எஃப்பும் கிடைக்கும். 3ஆம் துளையில் ஜி-யும் பி-யும், இடையில் மூன்று சுரம்.

நண்பரின் ரீட் போகவில்லை. 2 இழு எல்லோரையும் படுத்தும். உங்களுக்குத் தெரியாமலே பாதி பெண்ட் செய்துகொண்டிருக்கிறீர்கள். கன்னத்தை இறுக்காமல், தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடுவதற்கு முன்னால் தொண்டை திறக்குமே, அந்த நிலையில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். உறிஞ்சக் கூடாது, மூச்சு வாங்க வேண்டும்.

ரயிலடி:

எல்லோரும் சிகாகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கிழக்கே வாங்கோ.

சன்னி டெர்ரி. 1911-ல் ஜோர்ஜியாவில் பிறந்தவர். சிறுவயதில் நடந்த இரண்டு விபத்துகளில் இரண்டு கண்ணும் போயின. 1938 டிசம்பர் 23, நியூயோர்க் கார்னகி ஹால் மேடையில் வாசித்தார். அவரிடம் ஹார்ப் எங்கே முடிகிறது, குரல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கேலாது. ஒரு சுரம் இழுப்பார், அடுத்த அரை மாத்திரையில் கருவியை விட்டுக் கள்ளக்குரலில் ஒரு கூவு, திரும்ப ஹார்ப். நரி வேட்டையை வாசிக்கும்போது நாயும் அவர்தான், நரியும் அவர்தான், துரத்துகிறவனும் அவர்தான். இதற்கு ஆம்ப் என்னத்துக்கு? பிரவுனி மெகீயின் கிடார் பக்கத்தில் இருந்தால் கூட வேறு ஆள் வேண்டாம்.

அவருக்கும் முன்னால் டிஃபோர்ட் பெய்லி. நாஷ்வில் டபிள்யூ.எஸ்.எம். வானொலியின் கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியின் முதல் கறுப்பின நட்சத்திரம். 1927-ல் பதிவான 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' கேட்டுப் பாருங்கோ. ஸ்டேஷனை விட்டு ரயில் கிளம்புகிறது, வேகம் பிடிக்கிறது, விசில் தருகிறது, தூரத்தில் மறைகிறது. கார்டை ஊதி இழுக்கும் தாளம்தான் சக்கரம், மேல் துளையில் விசில். நான் இன்றைக்கும் அந்த வேகம் பிடிக்கும் இடத்தில் பின்தங்கிவிடுவேன், மூச்சு காணாது. 1941-ல் பாட்டு உரிமைச் சங்கங்களுக்கு இடையில் நடந்த சண்டையைச் சாட்டாக வைத்து அவரை நிகழ்ச்சியிலிருந்து நீக்கினார்கள். பிறகு சப்பாத்து மினுக்கும் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசைப் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கொடுக்க 2005 வரை ஆனது, அவர் இறந்து 23 வருஷம் கழித்து.

பத்துத்துளை:

ரயிலடி அண்ணே, டெர்ரி பற்றி வாதமே இல்லை. ஆனால் "ஆம்ப் என்னத்துக்கு" என்பதை விட மாட்டேன். ஆம்ப் வெறும் சத்தம் கூட்டும் பெட்டி இல்லை. புல்லட் மைக்கையும் (கைக்குள் அடங்கும் குண்டு வடிவ மைக்) ஹார்ப்பையும் சேர்த்து இரண்டு கைக்குள் காற்றுப் புகாமல் பொத்தினால் கீச்சென்ற மேல் ஒலி செத்துவிடும். உள்ளே அழுத்தம் கூடும், வால்வு ஆம்ப் அதைத் தாங்காமல் கரகரக்கும். கையைக் கொஞ்சம் தளர்த்தினால் கரகரப்பு போய்விடும். ஆக மைக்கும் ஆம்ப்பும் கையும் சேர்ந்து ஒரு புதுக் கருவி. லிட்டில் வால்டர் வாசித்தது அந்தக் கருவியைத்தான். 'ப்ளூ மிட்நைட்' கேட்டால் புரியும்.

ரயிலடி:

சரி, அந்தப் புதுக் கருவியை முதலில் கண்டவர் அவரா? ஸ்நூக்கி பிரையர் ராணுவத்தில் இருந்தபோதே ஒலிபெருக்கியில் ஹார்ப்பை வாசித்துப் பார்த்ததாகவும், 1945-ல் திரும்பி வந்து சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருவில் அப்படியே வாசித்ததாகவும் சொல்லியிருக்கிறார். 1948-ல் அவர் பதிவு செய்த 'பூகி'யின் தொடக்கத்தையும் 'ஜூக்' தொடக்கத்தையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கோ. பிறகு பேசுவோம்.

பத்துத்துளை:

கேட்டிருக்கிறேன். தொடக்க வாக்கியம் உறவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேக்ஸ்வெல் தெருவில் சந்தை இரைச்சலுக்கு நடுவே வாசித்த எல்லோருக்குமே ஒலிபெருக்கி தேவைப்பட்டது. பிரையர் அதைத் தன் சத்தத்தைப் பெரிதாக்கப் பயன்படுத்தினார். வால்டர் அதை வைத்து வேறு சத்தம் உண்டாக்கினார். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

செம்பருத்தி:

இவ்வளவு நேரம் ஆண்கள் பட்டியலே ஓடுகிறது. பிக் மாமா தோர்ன்டனை யாரும் சொல்லவில்லையே? 'ஹவுண்ட் டாக்' முதலில் பாடியவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் ஹார்ப்பும் வாசிப்பார், டிரம்ஸும் வாசிப்பார், யாரிடமும் பாடம் படித்ததில்லை. 1965-ல் அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் ஐரோப்பா போனபோது எடுத்த ஒரு காட்சி உண்டு, 'டவுன் ஹோம் ஷேக்டவுன்'. தோர்ன்டன், பிக் வால்டர், ஜான் லீ ஹூக்கர், ஜே.பி. லெனோர், டாக்டர் ராஸ் என்று வரிசையாக எல்லோர் கையிலும் ஹார்ப். ஒவ்வொருத்தராக முறை வருகிறது. கிடாருக்குப் பேர் போன ஹூக்கர் ஹார்ப்போடு நிற்பதைப் பார்க்கவே அதைப் போடலாம். ஆனால் அந்தக் கூட்டத்தை மேய்ப்பது தோர்ன்டன்தான். நுணுக்கம் என்று பார்த்தால் பிக் வால்டர் பக்கத்தில் நிற்க முடியாது, சரி. அடியின் உறுதியைப் பாருங்கள், ஒவ்வொரு இழுப்பும் டிரம்ஸ் வாசிக்கிற ஆளின் இழுப்பு.

ஈரக்காற்று:

செம்பருத்தி அக்கா, அந்தக் காட்சியை மறந்தே போயிருந்தேன். இன்று ராத்திரி வேலை கெட்டது.

காந்தாரம்:

நான் கர்நாடக இசை கேட்டு வந்தவன், ப்ளூஸுக்குத் தாமதமாகத்தான் வந்தேன். சி ஹார்ப்பில் ஜி-யைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் 3ஆம் துளை இழுப்பு அந்தர காந்தாரம். அரைச் சுரம் இறக்கினால் சாதாரண காந்தாரம். இவர்கள் இரண்டிலும் நிற்பதில்லை, நடுவில் ஒரு இடத்தில் நிற்கிறார்கள். அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. சன்னி பாய் இரண்டாமவர் அதைக் கீழே வைப்பார், ஜேம்ஸ் காட்டன் கொஞ்சம் மேலே வைப்பதாக என் காதுக்குப் படுகிறது. கமகம் என்று சொல்லிவிடத் தோன்றும், ஆனால் அசைவே இல்லாமல் நடுவிலேயே நிற்கும் இடங்கள்தான் எனக்கு அதிகம் பிடிக்கின்றன.

ராகம் பக்கமே போன ப்ளூஸும் உண்டு. பால் பட்டர்ஃபீல்ட் குழுவின் 'ஈஸ்ட்-வெஸ்ட்', 1966, 13 நிமிஷத்துக்கு மேல். கிடார்காரர் மைக் புளூம்ஃபீல்ட் இந்திய ராகங்களைக் கேட்டு உண்டாக்கியது. ஒரே ஆதார சுருதியில் நின்றுகொண்டு கிடார்கள் விரிந்துகொண்டே போகும். அதில் பட்டர்ஃபீல்டின் ஹார்ப் வரும் இடம் எனக்கு ஏமாற்றம்தான். அவர் ப்ளூஸையே வாசிக்கிறார், ராகத்தின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பத்துத்துளை:

அதுதானே அவர் பலம்! எல்லோரும் கிழக்கே பறக்கும்போது ஒருத்தராவது சிகாகோவில் நிற்க வேண்டாமா. பட்டர்ஃபீல்ட் ஹார்ப்பைத் தலைகீழாகப் பிடிப்பார், தாழ்ந்த சுரம் வலப்பக்கம். உதட்டைக் குவித்து ஒற்றைச் சுரமாகவே போவார், கார்டு குறைவு. எக்காளம் மாதிரி நேரான ஒலி.

குருவிக்கூடு:

ஜூனியர் வெல்ஸ் எனக்குப் பிடிக்கும். 1952-ல் 'ஜூக்' ஓடத் தொடங்கியதும் லிட்டில் வால்டர் மடி வாட்டர்ஸை விட்டுவிட்டு வெல்ஸின் ஏசஸ் குழுவோடு சேர்ந்தார். வெல்ஸ் மடியிடம் போய் வால்டரின் இடத்தில் உட்கார்ந்தார். ஆளுக்கு ஆள் மாற்று! 1965-ல் டெல்மார்க் கம்பெனியில் வந்த 'ஹூடூ மேன் ப்ளூஸ்' முழுசாகக் கேட்க வேண்டிய தட்டு. பதிவின்போது 'படி கை' (Buddy Guy) என்ற கிடார்காரரின் ஆம்ப் படுத்துவிட, ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாகக் கிடாரை விட்டார்கள். அந்தச் சுழலும் ஒலிக்கு நடுவே வெல்ஸ் ரொம்பக் கொஞ்சமாக வாசிக்கிறார். பாடிக்கொண்டே நாக்கால் சொடுக்குவார், முனகுவார், இரண்டு சுரம் ஊதுவார். ஹார்ப்பும் அந்த முனகலில் ஒன்றாகப் போய்விடும்.

வேகமணி:

பழசையே பேசுகிறீர்கள். ஹவர்ட் லீவி 1970 வாக்கில் ஓவர்ப்ளோ கண்டுபிடித்து, பத்துத் துளையில் இல்லாத சுரங்களையும் வரவழைத்தார். சி ஹார்ப்பின் 6ஆம் துளையில் பி ஃபிளாட் ஓவர்ப்ளோவில் கிடைக்கும். ஜேசன் ரிச்சி அதைப் ப்ளூஸில் வாசிக்கும் வேகத்துக்கு முன்னால் இவர்கள் எல்லாம் ஆரம்பப் பள்ளி.

பிஸ்கட்நேரம்:

ரிச்சியையே கேளுங்கள், அவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஜிம்மி ரீடை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் கம்பி மாட்டி ஹார்ப், கையில் கிடார். 'ஹானஸ்ட் ஐ டூ', 1957. ஏ பாட்டுக்கு ஏ ஹார்ப்பே, நேர் பொசிஷன், அதுவும் எல்லோரும் பயப்படும் மேல் துளைகள். 8, 9, 10-ல் ஊதும் பெண்ட். கையால் பொத்த வழியில்லை, வேகம் சுத்தமாகக் கிடையாது. கீச்சென்று ஒரே ஒரு இறக்கம். வேகமணி, அந்த அறிமுகத்தை உங்கள் ஹார்ப்பில் சுருதி பிசகாமல் வாசித்து இங்கே போடுங்கள், ஆரம்பப் பள்ளி பற்றி அப்புறம் பேசலாம்.

வேகமணி:

போடுகிறேன். ஏ ஹார்ப் வாங்க வேண்டும், என்னிடம் இல்லை.

புதுசு_77:

ஈரக்காற்று அண்ணா, கொட்டாவி யோசனை வேலை செய்தது, 2 இழு சுத்தமாக வருகிறது. பத்துத் துளை வாங்கப் போகிறேன். 'ஹெல்ப் மீ' கூடவே வாசிக்க வேண்டும் என்றால் சி ஹார்ப் போதுமா?

ஈரக்காற்று:

போதாது. அது எஃப்-பில் இருக்கிறது, கிராஸ் ஹார்ப்புக்கு பி ஃபிளாட் வேண்டும். முதலில் சி வாங்குங்கள், பாடங்கள் எல்லாம் சி-யில்தான் இருக்கும். பி ஃபிளாட் இரண்டாவது. 'ஜூக்' வேண்டும் என்றால் ஏ மூன்றாவது. ஹோனர் ஸ்பெஷல் 20 எடுங்கள், நடுக்கட்டை பிளாஸ்டிக், எச்சிலில் ஊறாது. மரக்கட்டை மரீன் பேண்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாப்பிட்டவுடனே வாசிக்காதீர்கள், சோற்றுப் பருக்கை 3ஆம் துளைக்குள் போனால் மேல்மூடித் தட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.